ஏழாம் அத்தியாயம்: திருத்திய படமும் தெரிவிக்கும் கடமையும்

நோர்வூட்டிலும் அதைச் சூழ்ந்த டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய ஊர்களிலும் ஒரு வீடோ சிறு காணித்துண்டோ விலைக்கு வரும்போது, அதை வாங்க எண்ணுகிறவர் பல சமயம் பக்கத்து வீதிக்காரர் அல்லர். கொழும்பில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு, பிறந்த மலையில் தமக்கென்று சில பேர்ச் நிலமாவது வேண்டுமென்று சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் இளைஞராகவோ, கட்டாரிலோ குவைத்திலோ உழைத்து மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் தாயாகவோ, குளிர்ந்த காற்றை நாடி விடுமுறை இல்லம் தேடும் சமவெளிக் குடும்பத்தினராகவோ அவர் இருக்கிறார். இவர்கள் அனைவருக்கும் வீட்டின் முதல் தரிசனம் கைப்பேசித் திரையிலேயே கிடைக்கிறது. நேரில் வந்து பார்ப்பதற்கு விடுமுறையும் பயணச் செலவும் வேண்டியிருப்பதாலும், வேறொருவர் கேட்டிருக்கிறார், இன்றைக்கே அட்வான்ஸ் போட்டால்தான் நிற்கும் என்று தரகர் அவசரப்படுத்துவதாலும், படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பணம் கைமாறிவிடுவதும் உண்டு. அந்நிலையில் விளம்பரப் படமானது வாங்குகிறவரின் கண்ணுக்குப் பதிலாக நின்று சாட்சி சொல்லும் பொறுப்பை ஏற்கிறது. அதில் ஒரு மரத்தை அழித்தாலும் ஒரு சுவரை நேராக்கினாலும் அந்தச் சாட்சியத்தில் ஒரு பகுதியை மாற்றியவர்களாகிறோம்.

படத்தைத் திருத்தவே கூடாது என்பது இந்நூலின் கொள்கையன்று. மலையகத்துச் சிறிய வீட்டின் உட்புறம் மழைநாளில் இருண்டு கிடப்பதும், அதைக் கைப்பேசியால் எடுத்த படம் வீட்டின் உண்மைத் தோற்றத்தைவிட மங்கலாக வருவதும் எல்லோரும் அறிந்தவை. அந்த மங்கலை நீக்கிக் காட்டுவது உண்மைக்குச் செய்யும் உபகாரமேயாகும். எந்தத் திருத்தத்தை ஒன்றும் சொல்லாமலே செய்யலாம், எதைச் செய்தால் சொல்லியாகவேண்டும், அப்படிச் சொல்வதை எவ்விடத்தில் எவ்வகையில் சொல்லவேண்டும் என்பவற்றை வகுத்துக்கொள்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். விற்பவர், தரகர், படம் எடுத்துக் கொடுப்பவர், விடுதியாக வாடகைக்கு விடுபவர் ஆகிய நால்வரையும் மனத்திற்கொண்டே இதை எழுதுகிறோம்.

எல்லை எங்கே

இவ்விஷயத்தை நேரடியாக எடுத்துப் பேசும் சட்டங்களுள் குறிப்பிடத்தக்கது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025இல் நிறைவேற்றி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய 723ஆம் இலக்கச் சட்டமாகும். வீட்டு விற்பனைத் தரகரோ அவர் சார்பில் செயற்படுபவரோ ஒரு விளம்பரப் படத்தில் எதையேனும் கணினியால் சேர்த்தோ நீக்கியோ மாற்றியோ வெளியிட்டால், படம் மாற்றப்பட்டது என்ற குறிப்பை அப்படத்தின்மேலோ அதற்கு அடுத்தோ கண்ணிற்படும்படி இடவேண்டுமென்றும், மாற்றப்படாத மூலப்படத்தை எவரும் பார்க்கக்கூடிய இணைய முகவரியையோ கியூஆர் குறியீட்டையோ உடன் தரவேண்டுமென்றும் அச்சட்டம் விதிக்கிறது. தளபாடம், மின்சாதனம், தரை, சுவர், வண்ணப்பூச்சு, தோட்டம், முகப்பு, தளவரைபடம் ஆகியவற்றோடு, வீட்டுக்கு வெளியே நிற்கும் தெருவிளக்கையும் மின்கம்பத்தையும், சன்னல் வழியே தெரியும் காட்சியையும், அயல் வீட்டையும்கூட அது பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டுதல், நிறத்தைச் சமன்செய்தல், கூர்மைப்படுத்தல், கோணல் படத்தை நிமிர்த்தல், ஓரம் வெட்டுதல் முதலியன, இடத்தின் தோற்றத்தை மாற்றாத அளவில், குறிப்பின்றிச் செய்யலாம்.

இந்தச் சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ளவேண்டிய சாரம் இரண்டாவது நிபந்தனையிலே இருக்கிறது. திருத்தப்பட்டது என்ற சொல்லை மாத்திரம் எழுதிவிட்டால், எது திருத்தப்பட்டது, எவ்வளவு திருத்தப்பட்டது என்பவை வாங்குபவரின் ஊகத்துக்கு விடப்படுகின்றன. அவர் சோபா ஒன்றைச் சேர்த்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்க, உண்மையில் அழிக்கப்பட்டது வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண்சரிவின் வடுவாக இருக்கலாம். மூலப்படம் அருகே நின்றால் ஊகத்துக்கு இடமேயில்லை. ஆதலால் நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லாவிட்டாலும், மூலப்படத்தையும் சேர்த்தே காட்டுவது என்பதை இந்நூல் தன் வாசகர்களுக்கு முதல் விதியாகச் சொல்கிறது.

படமும் ஒரு கூற்று என்ற கருத்து புதிதாகத் தோன்றியதன்று. இங்கிலாந்தில் வீட்டுத் தரகர்களின் பொய் வருணனைகளைத் தடுக்க 1991இல் இயற்றப்பட்ட சட்டம், கூற்று என்பது சொல்லால் மட்டுமன்றிப் படத்தாலும் செய்யப்படலாம் என்று அப்போதே வெளிப்படையாக எழுதிவைத்தது. அது 2013இல் நீக்கப்பட்டு, அவ்விஷயம் பொதுவான நுகர்வோர் சட்டத்தினுள் சேர்ந்துவிட்டது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் நிலச்சொத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முற்பணம் கொடுத்தவர் அதிலுள்ள பொய்யான கூற்றால் நஷ்டமடைந்தால், கட்டி விற்பவர் ஈடுசெய்யவேண்டுமென்றும், வாங்குபவர் விலக விரும்பினால் முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பவேண்டுமென்றும் கூறுகிறது. சென்னையிலோ கோவையிலோ அடுக்குமாடி வீடு வாங்க எண்ணும் நம்மவர் இதை அறிந்திருப்பது நலம்.

மலைச்சரிவில் அழிக்கக் கூடாதவை

பிற நாட்டுச் சட்டங்கள் நம் மலைச்சரிவுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. நம் மலைகளில் ஒரு படத்தின் மிக முக்கியமான பகுதி பெரும்பாலும் வீடு அன்று. வீட்டுக்கு மேலேயும் கீழேயும் உள்ள மண்ணே முக்கியம். சுவரிலும் தரையிலும் புதிதாகக் காணும் வெடிப்பு, ஒரே பக்கம் சாயத் தொடங்கிய மரமும் மின்கம்பமும், முன்பு இல்லாத இடத்தில் திடீரெனக் கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர் ஆகியவை மண்சரிவுக்கு முன்னறிகுறிகள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மக்களுக்கு எடுத்துச் சொல்லிவருகிறது. நுவரெலியா மாவட்டம் மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் ஒன்று. இங்கே புதிதாகக் கட்டுவதற்கு அந்நிறுவனத்தின் மதிப்பீட்டைப் பெறவேண்டியிருப்பதும் அதனாலேயே. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுள் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையில் மத்திய மலைநாட்டின் சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்ததையும் கண்டும் கேட்டும் அறிந்த ஒருவர், வீட்டுப் படத்தில் வெடிப்பு ஒன்றைச் செயலியால் பூசி மறைப்பதைச் சாதாரண அலங்காரமாக எண்ண முடியாது.

ஆகவே, கலிபோர்னியச் சட்டம் திருத்தி அதைத் தெரிவித்துவிட்டால் போதும் என்று அனுமதிக்கும் சிலவற்றை, நாம் தெரிவித்தாலும் செய்யக் கூடாதவை என்றே வகுக்கவேண்டும். வெடிப்பு, சாய்ந்த கம்பம், தடுப்புச் சுவரின் வயிறு தள்ளிய பகுதி, பின்புறத்துச் செம்மண் வெட்டுமுகம், அடைபட்ட கான், கூரைத் தகரத்தின் துரு, சுவரின் ஈரக்கறை, வீட்டைக் குறுக்கே கடந்து செல்லும் உயர் அழுத்த மின்கம்பி ஆகிய எதையும் எந்தக் குறிப்புடனும் நீக்கலாகாது. அவற்றைச் சீர்செய்யும் வழி கொத்தனாரிடமும் மின்சாரம் வழங்குவோரிடமும் உண்டு, செயலியிடம் இல்லை. படம் கோணலாக எடுக்கப்பட்டிருந்தால் படத்தை நிமிர்த்தலாம். ஆனால் படம் நேராக இருந்து கம்பம் சாய்ந்திருந்தால், அந்தக் கம்பத்தை நிமிர்த்தும் விரல் ஓர் அபாய அறிவிப்பை அழிக்கிறது.

ஓரம் வெட்டுவதைப் பற்றியும் இங்கே நாம் சற்றுக் கடுமையாக இருக்கவேண்டும். பிற இடங்களில் ஓரம் வெட்டுதல் தீங்கற்றதாகக் கருதப்படுவது போலவே இங்கும் கருதினால், வீட்டுக்குப் பத்தடி பின்னால் செங்குத்தாக எழும் சரிவு, ஒரு வரியும் திருத்தாமலே படத்திலிருந்து போய்விடும். இதற்குப் பரிகாரம் எளிது: விளம்பரத்தில் எத்தனை படங்கள் இருந்தாலும், வீட்டின் பின்புறத்தையும் மேற்சரிவையும் ஒருசேரக் காட்டும் படம் ஒன்றும், கீழ்ச்சரிவிலிருந்து அடித்தளத்தை நோக்கி எடுத்த படம் ஒன்றும் வெட்டப்படாமல் இருக்கவேண்டும். வீதியிலிருந்து வாசலுக்கு வரும் வழியையும் அவ்வாறே காட்டுக. லொறி நிற்கும் இடத்திலிருந்து எழுபது படி ஏறவேண்டிய வீட்டை, வாசலருகே நின்று எடுத்த ஒரே படத்தால் வீதியோரத்து வீடுபோல் தோன்றச் செய்வது, முதிய பெற்றோருக்காக வீடு தேடும் ஒருவருக்குச் செய்யும் பெருந்தீங்கு. சீமெந்து மூட்டையும் சமையல் எரிவாயு உருளையும் தோளிற் சுமந்து ஏறவேண்டியவர்கள் அவருடைய வீட்டாரே.

பருவமும் நீர்மட்டமும்

ஒன்றுமே திருத்தாத படமும் தவறான எண்ணத்தை உண்டாக்கலாம் என்பதைக் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ளவர்கள் நன்கு அறிவார்கள். நீர் நிரம்பி நிற்கும் காலத்தில் மேல்முற்றத்திலிருந்து எடுத்த படத்தில் வீடு நீரின் விளிம்பில் மிதப்பதுபோல் இருக்கும். மின்னுற்பத்திக்காக நீர் இறங்கிய வறட்சிக் காலத்தில் அதே இடத்திலிருந்து பார்த்தால் வெடித்த சேற்றுப் படுகையும் பழைய அடிமரங்களுமே தெரியும். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் தாழும்போது அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளிப்படுவதைக் காண மக்கள் திரள்வதுண்டு. இது ஏமாற்று அன்று, இயற்கையின் சுழற்சி. ஆனால் வாங்குபவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். அதுபோலவே, சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர் செல்லும் ஜனவரி முதல் மார்ச் வரையான தெளிந்த நாட்களில் எடுத்த படத்தைப் பார்த்து வீடு வாங்கியவர், தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன், ஜூலை மாதங்களில் வந்து குடியேறினால், பல நாட்கள் தம் முற்றத்து மதிலைக்கூடப் பனிப்புகையில் காணமாட்டார்.

இதற்கென்று நீண்ட விளக்கம் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் எழுதினாற் போதும். மலையை அறிந்தவர் அதிலிருந்து மீதியை உணர்ந்துகொள்வார், அறியாதவர் கேட்பார். ஆனால் பனிமூடிய வானத்தை அகற்றி நீல வானத்தை ஒட்டுவது வேறு விஷயம். அதற்குக் குறிப்பு வேண்டும். சன்னலுக்கு வெளியே சிவனொளிபாத மலையையோ நீர்த்தேக்கத்தையோ வைத்து ஒட்டுவதைப் பற்றி, அந்தச் சன்னலிலிருந்து அது தெரிவதில்லை என்றால், பேசவே வேண்டியதில்லை. அது விளம்பரத்தின் எல்லையைக் கடந்து மோசடியின் எல்லைக்குள் புகுந்துவிட்டது.

லயங்களை அழிப்பது

இந்த அத்தியாயத்தில் மிகுந்த மனவருத்தத்தோடு எழுதவேண்டிய பகுதி இதுவே. பழைய துரை பங்களா ஒன்றை விடுதியாகவோ விற்பனைக்காகவோ படம்பிடித்துப் போடுகிறவர்கள், பங்களாவின் புல்வெளிக்குக் கீழே தேயிலைச் சரிவில் தெரியும் லயங்களைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் பச்சைத் தேயிலையை நிரப்புவதற்குச் செயலிகள் இன்று ஓரிரு நொடிகளே எடுத்துக்கொள்கின்றன. தொழிற்சாலையின் புகைபோக்கி, கொழுந்து மடுவம், கொடியில் உலரும் துணி, இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் கிழவி ஆகிய யாவும் அழகுக்கு இடையூறு என்று கருதப்படுகின்றன. 1823இல் தொடங்கியதாகக் கணக்கிடப்படும் மலையக வாழ்வின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் மக்கள் கால்நடையாக நடந்தார்கள்; அந்த நடையின் வேண்டுகோள்களுள் தலையாயது, இந்நாட்டில் தங்கள் இருப்பைப் பிறர் கண்டு அங்கீகரிக்கவேண்டும் என்பதே. அந்தத் தேயிலையை நட்டுக் காத்துப் பறித்தவர்களின் குடியிருப்பை அந்தத் தேயிலையின் படத்திலிருந்தே நீக்குவது எவ்விதக் குறிப்பாலும் ஈடுசெய்ய முடியாத அவமதிப்பு என்பது இந்நூலாசிரியரின் திடமான அபிப்பிராயம்.

அறத்தை ஒருபுறம் வைத்து வியாபார நியாயத்தால் பார்த்தாலும் முடிவு ஒன்றுதான். லயம் ஒன்று அருகே இருக்கிறதென்றால், பங்களாவுக்குச் செல்லும் வழி அதன் முன்றிலைக் கடந்து போகலாம். தண்ணீர்க் குழாய் ஒரே ஊற்றிலிருந்து இரு பக்கத்துக்கும் பிரியலாம். மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரவு முழுதும் தப்பும் ஒலிபெருக்கியும் கேட்கும். அவசரத்துக்கு ஓடிவரும் அயலவரும் அவர்களே. வழியுரிமையும் நீருரிமையும் பற்றிய தகராறுகள் அயலாரோடுதான் எழுகின்றன. அயலாரே இல்லையென்று காட்டும் படத்தை நம்பி ஒருவர் கிரயம் செய்தால், அத்தகராறின் வித்தை விற்பவரே விதைத்தவராகிறார். படம் எடுக்கும்போது மனிதர்களின் முகம் தெரியும்படி அனுமதியின்றி எடுக்காமல் இருப்பது நன்று. அதற்காகக் குடியிருப்பையே அழிக்கவேண்டியதில்லை, அவர்கள் வேலைக்குப் போயிருக்கும் வேளையில் எடுத்தாற் போதும்.

வெற்றறையும் கற்பனைத் தளபாடமும்

குறிப்போடு செய்யத்தக்க திருத்தங்களில் மிகுதியாக வழங்குவது, வெற்றறையில் கணினியால் கட்டிலும் மேசையும் சோபாவும் இட்டுக் காட்டுவதாகும். அறையை எப்படிப் பயன்படுத்தலாம் என்று வாங்குபவர் கற்பனை செய்ய இது துணைசெய்கிறது. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பத்தடிக்குப் பத்தடியான காம்பரா ஒன்றில், உண்மையான அளவைவிடச் சிறிதாக்கிய இரட்டைக் கட்டிலையும் அலமாரியையும் வைத்து, இன்னும் நடக்க இடமிருப்பதுபோல் காட்டுவது எளிது. எனவே தளபாடம் சேர்த்த படம் ஒவ்வொன்றின் மேலும் அறையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் எழுதவேண்டுமென்பது எம் விதி. அகன்ற கோண வில்லையால் எடுத்த படத்துக்கும் இதுவே பொருந்தும். காணிக்குப் பேர்ச் அளவு சொல்லும்போது, ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஒரு ஏக்கர் 160 பேர்ச் என்பதை நினைவிற் கொண்டு, வான்வழிப் படத்தின்மேல் வரையும் எல்லைக்கோட்டை நில அளவையாளரின் படத்தோடு ஒப்பிட்டே வரைக. கையால் உத்தேசமாக இழுத்த சிவப்புக்கோடு அயலானின் தேயிலையையும் உள்ளே சேர்த்துவிடும். அக்கோடும் படத்தில் சேர்க்கப்பட்ட ஒன்றேயாதலால், அளவைப் படத்தின் இலக்கமும் தேதியும் அதன் அருகே நிற்கவேண்டும்.

நம் நாட்டுச் சட்டம்

திருத்திய வீட்டுப் படத்துக்கு அடையாளக் குறிப்பு இடவேண்டுமென்று தனியே விதிக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. அதனால் எதையும் செய்யலாம் என்று பொருளாகாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி எவரும் தம் தொழிலின்போது நுகர்வோரைத் தவறான எண்ணத்துக்கு ஆளாக்கும், அல்லது ஆளாக்கக்கூடிய நடத்தையில் ஈடுபடுவதைத் தடுக்கிறது. 31ஆம் பிரிவு பொய்யான பிரதிநிதித்துவத்தைத் தடுக்கிறது. தரகைத் தொழிலாகக் கொண்டவரும், காணிகளைத் துண்டாக்கி விற்கும் நிறுவனத்தாரும், விடுதி நடத்துபவரும் இப்பிரிவுகளின் வாசகத்தைத் தமக்கு எழுதப்பட்டதாகவே கொண்டு நடப்பது விவேகம். அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுத்தில், சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் செய்யப்படவேண்டும். தம் ஒரே வீட்டை விற்கும் தனிமனிதர் வியாபாரி ஆகார். எனினும் நம் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தின்படி, வேண்டுமென்று செய்த பொய்த்தோற்றத்தால் தூண்டப்பட்ட ஒப்பந்தத்தை ஏமாந்தவர் தள்ளிவைக்கக் கேட்கலாம், நஷ்டஈடும் கோரலாம்.

இதில் வாங்குபவர் உணர்ந்திருக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி, காணி விற்பனையும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும், நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுத்தில் கைச்சாத்திட்டால் அன்றிச் செல்லாது. மின்னணு முறையில் செய்யும் கொடுக்கல் வாங்கல்களுக்கு வலுவளித்த 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் காணி விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. எனவே வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, வாட்ஸ்அப்பிலேயே விலை பேசி, வங்கியில் அட்வான்ஸ் போட்டவர் கையில் விற்பனை உடன்படிக்கை எதுவும் இல்லை. பின்னர் எழுதப்படும் உறுதியிலோ நான்கெல்லையும் பரப்பளவும் அளவைப் பட இலக்கமும் இருக்குமே தவிர, அவரைக் கவர்ந்த படத்தைப் பற்றி ஒரு சொல்லும் இராது. படம் செய்த வேலையை உறுதி நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகையால் அதை இரு தரப்பினரும்தான் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

குறிப்பு எழுதும் முறை

குறிப்பை விளம்பரத்தின் அடியில், தொலைபேசி இலக்கத்துக்கும் கீழே, சிறிய எழுத்தில் எழுதுவதால் பயனில்லை. இக்மன் விளம்பரத் தளத்தில் இட்ட விளம்பரத்திலிருந்து ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்து ஒருவர் குடும்பக் குழுவுக்கு அனுப்புவார்; அங்கிருந்து அது டுபாய்க்குப் போகும்; வழியில் விளக்கவுரை யாவும் உதிர்ந்துவிடும். படத்தோடு பிரியாமல் செல்லக்கூடியது படத்தின்மேலேயே பொறித்த எழுத்து ஒன்றுதான். ஆதலால் படத்தின் கீழ்ப்பகுதியில், பின்னணி நிறத்திலிருந்து தெளிவாக வேறுபடும் பட்டையில், கைப்பேசித் திரையைப் பெரிதாக்காமலே வாசிக்கக்கூடிய அளவில் அதைப் பொறிக்கவேண்டும். ஹட்டன் கடைவீதியில் மூன்று மொழியும் வழங்குவதால் தமிழோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவது முறை; இடம் போதாதென்றால் வாங்குபவரிடம் எந்த மொழியில் விலை பேசுகிறோமோ அந்த மொழியிலாவது இருக்கட்டும்.

வாசகம் எதைச் செய்தோம் என்று திட்டமாகச் சொல்லவேண்டும். அழகூட்டப்பட்டது, மேம்படுத்தப்பட்டது, சித்திரிப்பு மட்டுமே என்பவை ஒன்றையும் தெரிவிப்பதில்லை. இப்படி எழுதலாம்: “இப்படத்திலுள்ள கட்டில், மேசை, திரைச்சீலை ஆகியவை கணினியால் சேர்க்கப்பட்டவை. அறை வெறுமையாக உள்ளது. அளவு 10 அடிக்கு 11 அடி. மூலப்படம் அடுத்து வருகிறது.” அல்லது: “வானம் மாற்றப்பட்டுள்ளது. வீடும் நிலமும் எடுத்தபடியே உள்ளன. எடுத்தது 2026 பெப்ரவரி.” இன்னும் கட்டி முடியாத வீட்டை முடிந்ததுபோல் காட்டும் படமானால்: “இது கட்டப்படவிருக்கும் தோற்றம். இன்று அடித்தளமும் மூன்று சுவர்களும் மாத்திரமே உள்ளன.” மூலப்படம் எப்போதும் திருத்திய படத்துக்கு உடனே அடுத்ததாக வரட்டும், இருபது படங்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்த மூலப்படம் காட்டப்படாத படத்துக்கே சமம்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. படம் எடுத்துக் கொடுத்த இளைஞர் தரகர் சொன்னபடி செய்தேன் என்பார். தரகர் வீட்டுக்காரர் அனுப்பிய படத்தைப் போட்டேன் என்பார். வீட்டுக்காரரோ தம் மகன் செயலியில் ஏதோ செய்தான் என்பார். இந்தச் சுழலை அறுப்பதற்கு, படம் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் மூலக்கோப்பும் உடன் கைமாறவேண்டும் என்ற ஏற்பாடு ஒன்றே போதும். தரகர், மூலக்கோப்பின்றி வரும் படத்தை ஏற்கலாகாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, எடுத்த நாள், நேரம் முதலிய உள்விவரங்கள் அகன்றுவிடுகின்றன. ஆகவே ஆவணக் கோப்பாகவே அனுப்புக. திருத்தத் தொடங்குமுன் மூலத்தைத் தனிக் கோப்புறையில் வைத்து, திருத்தியதற்கு வேறு பெயரிடுக. எழுத்து மூல ஒப்பந்தத்தின்மேல் வழக்குத் தொடுக்க 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டு அவகாசம் தருவதால், உறுதி எழுதிய நாளிலிருந்து அவ்வளவு காலமாவது விளம்பரத்தின் பிரதியையும் மூலப்படங்களையும் இரு தரப்பினரும் பேணுவது தகும்.

தூரத்திலிருந்து வாங்குபவர், அட்வான்ஸ் போடுமுன், வீட்டுக்காரரைக் காணொலி அழைப்பில் எடுத்து, வீதியிலிருந்து தொடங்கி நிறுத்தாமல் நடந்து வாசல், உள்ளறைகள், பின்புறம், மேற்சரிவு, கான், தடுப்புச் சுவர் என்று காட்டும்படி கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் காணொலியில் ஒன்றை அழிப்பது நின்ற படத்தில் அழிப்பதைப்போல் எளிதன்று. மழை பெய்யும் நாளாக இருந்தால் மிக நல்லது: கூரை ஒழுகுவதும் கான் பாய்வதும் அன்றுதான் தெரியும். ஊரில் ஓர் உறவினரோ பழைய பள்ளித் தோழரோ இருந்தால், விளம்பரப் படத்தை அவருக்கு அனுப்பி, அதே இடத்தில் நின்று அதே திசையில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அயலார் யார், லயத்தில் எத்தனை குடும்பம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பவற்றையும் அவர் அங்கேயே விசாரித்துச் சொல்வார். காணி தனியார் உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரக் காணியா, தோட்டக் கம்பெனியின் குத்தகைக்குட்பட்டதா என்பது எந்தப் படத்திலும் தெரியாது. அதற்கு உரிய காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யும் முறையை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.